பவளம் நடித்த பன்றி வேட்டை

தென்காசி
18.8.2024

அன்புள்ள சசிக்கு,

இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து கூப்பிடுகிறேன். மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் வாங்குவாய் என்று எழுதுகிறேன்.

நானும் பவளமும் சுகம். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பை சினிமா கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கிறது. நாய்களுக்குத் தனிக் கொட்டகை, ஃபேன், காலையில் கறிச்சோறு. ராஜபாளையத்து வெள்ளை நாய்கள் இரண்டு, ஒரு சிப்பிப்பாறை, ஒரு கன்னி, அப்புறம் நம்முடைய கோம்பை. அந்தக் காலத்து ஜமீன் வேட்டைக்காரராக வரும் ஹீரோ, இந்த ஐந்து நாய்களோடு ஒரு காட்டுப்பன்றியைத் துரத்துகிறார். முன்னால் ஓடுகிற நாய் நம் பவளம்தான். அதுவும் ஆண் நாயாக நடிக்கிறாள்!

"சிப்பிப்பாறையும் கன்னியும் முயலுக்கு ஓடுற நாயிங்க. பன்னிக்கு எதுக்குங்க?" என்று உதவி டைரக்டர் ஆஷ்லினிடம் கேட்டேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண். "தெரியும்ணே. ஆனா அதுங்க ஓடுறதப் பாத்தா கண்ண எடுக்க முடியாதுல்ல" என்று சிரித்தது.

லொகேஷன் பார்க்க ஏற்காட்டுக்கு வந்தபோது, நம் கொல்லை நிலத்திலிருந்து பவளம் பன்றியை விரட்டியதை செல்போனில் எடுத்தார்களே, அதை டைரக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். "நாய் மட்டும் போதாது, நீங்களும் வரணும். நீங்க இல்லாம அது திரும்பிக்கூடப் பாக்காது" என்றார். என்னை யாரும் அப்படி வேண்டிக் கூப்பிட்டதில்லை, சசி. உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய். அதனால்தான் விடிகாலையிலேயே வேன் ஏறிவிட்டேன்.

ராகி கதிர் முற்றுவதற்குள் வந்துவிடுவோம். கோபப்படாதே என்று எழுத எனக்கு முகம் இல்லை. கொஞ்சமாகக் கோபப்படு.

ஜெயபிரகாஷ்


தலைச்சோலை
30.8.2024

ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

போனில் நீங்கள் பேசினால் கடைசியில் நான் சரி என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே யாரும் வர முடியாது. அதனால் போன் அடிக்கட்டும், நான் எடுக்க மாட்டேன்.

நீங்கள் போனதைக் கூட விட்டுவிடலாம். பவளம் என் நாய். தேனிப் பக்கம் கோம்பைக்கு வேலைக்குப் போன என் அண்ணன், திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த குட்டி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேன் வளைவில் திரும்பும்போது நான் காபிச் செடிக்குள் நின்றுகொண்டிருந்தேன். பின் கண்ணாடியில் அவள் மூஞ்சி தெரிந்தது. நீங்கள் திரும்பவில்லை.

ஏற்காடு கடைவீதிக்குப் போனேன். மளிகைக் கடை அமீர் ஜான் பாய் சீனி நிறுத்துக்கொண்டே, "ஏனுங்க, உங்க ஊட்டு நாயி சினிமாவுல நடிக்குதாமா?" என்றார். கடையில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஓடைப் பக்கம் பன்றி மண்ணைக் கிளறிப் போட்டிருக்கிறது. பக்கத்துக் கொல்லை ஐயாக்கண்ணு மாமா வந்து பார்த்தார். "குட்டிகளோட எறங்கியிருக்குது கண்ணு. நாயி இல்லீன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சு போச்சாட்ட இருக்குது" என்றார்.

பவளத்தைச் சங்கிலியில் கட்டாதீர்கள். கட்டினால் சாப்பிட மாட்டாள்.

சசிகலா


தென்காசி
24.9.2024

அன்புள்ள சசிக்கு,

சங்கிலியே இல்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

ஒரு வேடிக்கை கேள். பவளம் துரத்தப்போவது காட்டுப்பன்றியே இல்லை. காட்டு மிருகத்தைக் கேமரா முன்னால் நிறுத்தச் சட்டம் விடாது. அதனால் பாதி வளர்ந்த ஒரு நாட்டுப் பன்றியை வாங்கிக் கொடுத்து, பவளத்தோடு பழக்கச் சொன்னார்கள். கன்னங்கரேலென்று இருக்கும். பெயர் லட்டு. படம் எடுக்கும்போது மேலே சேறு பூசி, வாயில் பிளாஸ்டிக் கோரைப்பல் ஒட்டிவிடுவார்கள். அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது என்று பார்த்துக்கொள்ள ஒரு மாட்டு டாக்டரும் கூடவே இருக்கிறார்.

முதல் நாள் லட்டுவின் வாடை பட்டதுமே பவளத்துக்கு முதுகு மயிர் குத்திட்டு நின்றது. அந்த உறுமல் உனக்குத் தெரியுமே. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் இவள். நடுவில் நான் உட்கார்ந்து ஒரு கையால் அதற்கும் மறு கையால் இவளுக்கும் சோறு வைத்தேன். நாள் போகப் போக உறுமல் குறைந்தது. ஒரு மழை நாளில் வலையை எடுத்துவிட்டேன். பவளம் அதை முகர்ந்து பார்த்தாள். சுற்றி வந்தாள். பிறகு அதன் காதை நக்கினாள். ஆஷ்லின் கைதட்டிவிட்டது.

இப்போது நான் விசில் கொடுத்தால் லட்டு ஓடும். இவள் துரத்திப் பிடித்துக் காதைக் கவ்வுவாள், பல் படாமல். படத்தில் கடிப்பது போலத் தெரியுமாம். உறுமலைப் பிறகு ஸ்டூடியோவில் சேர்ப்பார்களாம். அதற்கென்றே உறுமுகிற ஒருத்தர் இருக்கிறாராம்!

ஹீரோவுக்கு நாய் என்றால் பயம். பக்கத்தில் நிற்கிற காட்சியில் எல்லாம் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நான்தான் முதுகைக் காட்டி நிற்கிறேன். படம் முழுக்க என் முதுகு வரும் சசி.

ஜெயபிரகாஷ்


தலைச்சோலை
12.10.2024

ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

உங்கள் முதுகைப் பார்க்க நான் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. வேன் ஏறிய அன்றே பார்த்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. பவளம் இதுவரை ஒரு பன்றியையும் கடித்ததில்லை. நாமும் கடிக்க விட்டதில்லை. காட்டு ஓரம்வரை துரத்திக்கொண்டு போவாள், அங்கே நின்று குரைத்துவிட்டுத் திரும்புவாள். பன்றிகள் பயந்தது அந்த உறுமலுக்குத்தான். அதை நம்பித்தான் நான் ராகி விதைத்தேன். அதைத்தான் நீங்கள் சோறு போட்டுப் போட்டு எடுத்துவிட்டு, எனக்கு வேடிக்கை என்று எழுதுகிறீர்கள்.

கீழ்க் கொல்லையில் சேப்பங்கிழங்கு முழுக்கப் போய்விட்டது. வெடி வாங்கிக் கொளுத்தினேன். முதல் நாள் ஓடின. அப்புறம் வெடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கிவிட்டன. துரத்தப் போய் வரப்பில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியிருக்கிறது. இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிட்டால் காகிதம் அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

பவளத்தை அனுப்பிவிடுங்கள். நீங்கள் வருவது உங்கள் இஷ்டம்.

சசிகலா


தென்காசி
5.11.2024

அன்புள்ள சசிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? ஏற்காடு ஆஸ்பத்திரியில் காட்டினாயா?

வேட்டைக் காட்சி எடுத்து முடித்தாகிவிட்டது. அதில் ஒரு சண்டையும் நடந்தது. பவளம் லட்டுவைத் துரத்தியதைப் பார்த்துவிட்டு டைரக்டர், "என்னய்யா, வெளையாடுற மாதிரி இருக்கு" என்றார். அடுத்த நாள் டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேறொரு பன்றி கொண்டுவரச் சொல்லியிருப்பதாகவும், பவளத்துக்குச் சோறு வைக்காமல் அதன் மேல் அவிழ்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். ஒரே ஒரு ஷாட், யாருக்கும் தெரியாது என்றார்.

எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு சசி. என்னை ஆளாக மதித்துக் கூப்பிட்டவர். ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "அதுக்கு எங்க ஊட்டு நாயி வராதுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஷ்லின்தான் எடுத்ததை வெட்டி ஒட்டி லேப்டாப்பில் போட்டுக் காட்டியது. பவளம் புலி மாதிரி இருந்தாள். டைரக்டர் பார்த்தார், எழுந்து போனார். புதுப் பன்றி வரவில்லை.

பவளத்தின் வேலை முடிந்தது. கம்பெனி வேன் சேலம் போகிறது, அதில் அனுப்புகிறேன். அமீர் ஜான் பாய் மகன் பைசலுக்குச் சொல்லிவிட்டேன். சேலத்திலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து விடுவான். என் முதுகுக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. அதுவுமில்லாமல், படம் முடிந்ததும் லட்டுவைக் கறிக்கடைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்கு ஒரு வழி பண்ணாமல் வர மனம் வரவில்லை.

நீ பயப்படுவது போல எதுவும் ஆகாது. வீட்டுப் பன்றி எது, காட்டுப் பன்றி எது என்று அவளுக்குத் தெரியாதா? நம் கொல்லை மண்ணை மிதித்தால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

ஜெயபிரகாஷ்


தலைச்சோலை
21.11.2024

பவளம் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் சாயங்காலம், பனி இறங்குகிற நேரம். ராகிக்குள் சத்தம் கேட்டது. நான் எழுவதற்குள் அவள் பாய்ந்து ஓடினாள். எனக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. பின்னாலேயே ஓடினேன்.

பெரிய பன்றி. காபிச் செடி ஓரத்தில் நின்றது. அவள் உறுமவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டிக் குனிந்து வாலை ஆட்டினாள். விளையாடக் கூப்பிட்டாள். பன்றி அப்படியே நின்று அவளைப் பார்த்தது. அதற்கே ஒன்றும் புரியவில்லை போல. "பவளம், வந்துரு சாமி" என்று கத்தினேன். அவள் இன்னும் கிட்டப் போய்க் காதைத் தேடி மூக்கை நீட்டினாள். பன்றி தலையை ஒரு தடவை உதறியது. அவ்வளவுதான்.

விலாவிலிருந்து தொடைவரை கிழிந்துவிட்டது. கல்லை எடுத்து எறிந்து கத்திய கத்தலில் பன்றி ஓடிவிட்டது. ஐயாக்கண்ணு மாமா ஓடிவந்தார். சேலைத் துணியால் கட்டி இரண்டு பேருமாகத் தூக்கினோம். அந்த வலியிலும் அவள் யாரையும் கடிக்கவில்லை. கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பைசல் ஜீப் கொண்டுவந்தான். ஏற்காட்டில் ஒரு கட்டுப் போட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கடை வாசலில் நிறுத்தியபோது பைசலின் தங்கை ஆஃப்ரின் தானாகவே ஏறி, பவளத்தின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் நாயைத் தொடுகிற வழக்கமில்லை. அவள் துணியெல்லாம் ரத்தமும் எச்சிலும். நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். "கழுவிக்கலாம் கண்ணு, மொதல்ல போங்க" என்றார். மலை இறங்கும்வரை ஆஃப்ரின் அவள் காதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

தையல் போட்டிருக்கிறார்கள். பிழைப்பாள் என்கிறார் டாக்டர்.

உங்களை வரச் சொல்லி நான் எழுதவில்லை. வர வேண்டாம் என்றும் எழுதவில்லை.

சசிகலா


தென்காசி
9.12.2024

சசிக்கு,

உன் கடிதம் கண்டு ஓடிவந்து நான் அங்கே இருந்த நாட்களில் நீ என்னிடம் பேசியது "சோறு போடட்டுங்களா" என்பது மட்டும்தான். காபி காயப்போடும் களத்தில் படுத்துக் கிடந்தேன். நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எழுந்து வந்து பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பவளம் என்னைப் பார்த்ததும் எழ முயற்சி பண்ணினாளே, தையலோடு. என் கையை நக்கினாளே. அதற்குப் பிறகு அங்கே இருக்க என்னால் முடியவில்லை. பஸ் ஏறும்போது நீ வந்து நின்றாய். "போங்க. கூப்புடோணும்னா நானே எழுதறேன்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். வாய் திறந்திருந்தால் அழுதிருப்பேன், கண்டக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

படப்பிடிப்பு முடிந்துவிட்டது. லட்டுவை எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஆஷ்லின்தான் பேசி வாங்கிக் கொடுத்தது. தோப்புக்காரர் இங்கேயே மாடு கன்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். இருக்கிறேன். நீ எழுதும்வரை வர மாட்டேன்.

பவளம் சாப்பிடுகிறாளா என்பதை மட்டும் ஒரு கார்டில் போடு.

ஜெயபிரகாஷ்


தலைச்சோலை
16.3.2025

ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

சாப்பிடுகிறாள். தையல் பிரித்தாயிற்று. பின்னங்கால் லேசாக இழுக்கிறது. வாசலைத் தாண்டிக் கொல்லைக்குள் கால் வைப்பதில்லை. சாயங்காலமானால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறாள்.

ராகியில் பாதிதான் வீடு வந்தது. காபி பரவாயில்லை. மிளகு பறிக்க வெள்ளக்கடை ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

என் முழங்கால் சரியாகிவிட்டது. நீங்கள் கேட்டிருந்தீர்கள், நான்தான் பதில் போடவில்லை.

சசிகலா


தென்காசி
8.6.2025

அன்புள்ள சசிக்கு,

இந்த மாதம் இருபதாம் தேதி படம் வருகிறது. ஆஷ்லின் போன் பண்ணிச் சொல்லிற்று. பாஸ் அனுப்புகிறேன் என்றது, வேண்டாம் என்றுவிட்டேன்.

நான் பார்க்கப்போவதில்லை. லட்டு இப்போது என் தொடை உயரம். விசில் அடித்தால் இன்னும் ஓடுகிறது, பின்னால் யாரும் வராததைப் பார்த்து நின்றுவிடுகிறது. அதனால் விசில் அடிப்பதை விட்டுவிட்டேன்.

நீ பார்க்காமல் இருப்பது நல்லது. உனக்கு வேதனையாக இருக்கும்.

ஜெயபிரகாஷ்


தலைச்சோலை
2.7.2025

ஏனுங்க,

பார்க்காதே என்று எழுதினீர்கள், அதனால் பார்த்துவிட்டேன். ஆஃப்ரினும் நானும் சேலத்துக்குப் போய்ப் பகல் ஆட்டத்துக்கு உட்கார்ந்தோம்.

பவளம் காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் தியேட்டரே எழுந்து விசில் அடித்தது. அந்த உறுமலைக் கேட்டு ஆஃப்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமில்லை. நம் பவளத்தின் குரல் அது இல்லையே. வெள்ளை நாய்கள் இரண்டு பக்கமும் வர, கன்னியும் சிப்பிப்பாறையும் அம்பு மாதிரி போக, இவள் நடுவில் பாய்ந்து பன்றியின் காதைக் கவ்வினாள். கூட்டம் 'அடி' என்று கத்துகிறது. எவ்வளவோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், ஓரிடத்தில் மட்டும் விட்டுவிட்டார்கள். அவள் வால் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஃப்ரின் குனிந்து, "அக்கா, பன்னி நெசமா சாகலீங்க்கா, படம்தானுங்க" என்றாள். அதற்கும் சேர்த்து அழுதேன்.

பிறகு ஹீரோ அவளைக் கொஞ்சுகிற மாதிரி ஒரு காட்சி. முகம் அவருடையது. தாடையைத் தடவுகிற கை உங்களுடையது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடிக்க நின்ற நாயைக் காதை நக்க வைத்திருக்கிறீர்கள், ஓர் அடி அடிக்காமல். அது லேசான வேலை இல்லை. பட்டினி போடச் சொன்னபோது மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நான் கோபத்தில் அந்தக் கடிதத்தைச் சரியாகப் படிக்கவே இல்லை. நேற்று எடுத்து மறுபடி படித்தேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்காமல் கொண்டுபோனதை நான் மறக்கப்போவதில்லை. சொல்லிக் காட்டிக்கொண்டே இருப்பேன், நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஒரு காரில் மூன்று பேர் வந்தார்கள். படத்தில் பார்த்த வேட்டை நாய் இங்கே இருக்கிறதாமே, குட்டி போட்டால் வேண்டும், ஒரு நாள் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பார்க்கலாமா என்றார்கள். பவளம் என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். "இதுங்களா?" என்றான் ஒருத்தன். "இதேதானுங்க. ஆனா அது படத்துல மட்டுந்தானுங்க வேட்டைக்குப் போவும்" என்றேன். ஐயாக்கண்ணு மாமா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

லட்டுவையும் கூட்டி வாருங்கள். பவளம் நடுங்குவாளோ என்னவோ, தெரியாது. மெதுவாகப் பழக்கிப் பார்க்கலாம், உங்களுக்குத்தான் அது வருமே. பட்டி போட மேட்டில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

மேல் கொல்லையை உழுதாயிற்று. ஆடி பிறந்ததும் ராகி விதைக்க வேண்டும். பவளத்தை இனிக் காவலுக்கு நான் கேட்கப்போவதில்லை, அவள் வீட்டோடு இருக்கட்டும். மேட்டுப் பக்கம் ஐயாக்கண்ணு மாமா நிற்கிறேன் என்கிறார். காபிச் செடிப் பக்கம் நான் நின்றுகொள்வேன்.

ஓடைப் பக்கம்தான் ஆளில்லை.

சசி